மூன்று முறை கண்ட திமிங்கிலம்

உலகில் வாழும் உயிர்களுள் மிகப் பெரியது எது என்று ஒரு சிறு குழந்தையைக் கேட்டாலும், திமிங்கிலம் என்று தயங்காமல் விடை சொல்லும். அதனை நேரில் கண்டதுண்டா என்று கேட்டால், படத்தில் கண்டேன் என்று சொல்லும். நம்மில் பெரும்பாலோர் நிலை அதுவே. நான் என் வாழ்நாளில் மூன்று முறை திமிங்கிலத்தைக் கண்டிருக்கிறேன். இருமுறை கரையில் கண்டேன். ஒருமுறை கடலில் கண்டேன். முதல் முறை நான் பள்ளிச் சிறுவன். இரண்டாம் முறை தலைமையாசிரியன். மூன்றாம் முறை ஓய்வு பெற்றவன். இம்மூன்று காட்சிகளும் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

1973ஆம் ஆண்டு சனவரித் திங்கள். பொங்கலை ஒட்டிய நாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஒரு சிற்றூர். கடற்கரையில் பெருமீன்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன என்னும் செய்தி ஊரெங்கும் பரவியது. கரும்பைக் கையிலேந்தியபடியே நாங்கள் ஓடினோம். மணப்பாட்டுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையிலுள்ள மணற்பரப்பில், கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளங்களைப் போலக் கரிய உடல்கள் கிடந்தன. ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எண்ணிக் குறித்த கணக்கு 147.

அவற்றுள் சில இன்னும் உயிரோடு இருந்தன. ஒன்றின் தலையுச்சியிலிருந்த துளை திறந்து மூடியது. களைத்தவர் பெருமூச்சு விடுவது போன்ற ஓசை எழுந்தது. பெரியவர்கள் விலகி நிற்கச் சொன்னார்கள். சிறுவர்களாகிய நாங்கள் கேட்கவில்லை. எங்களுள் ஒருவன் ஒரு திமிங்கிலத்தின் முதுகில் ஏறினான். அவனைப் பார்த்து நானும் ஏறினேன். அதன் தோல் வழுவழுப்பாக இருந்தது, வெயிலில் சூடேறியிருந்தது. என் உள்ளங்காலுக்கு அடியில் அது ஒருமுறை மூச்சு விட்டது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் நெஞ்சு கூசுகிறது.

அவை மீன்கள் அல்ல என்பதை அன்று நான் அறியேன். திமிங்கிலம் நம்மைப் போல வெப்பக் குருதி உடையது. நுரையீரலால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. கடல் நீர் தாங்கிப் பிடிக்கும் வரையில் தன் உடலின் கனம் அதற்குத் தெரிவதில்லை. கரையில் வந்து விழுந்ததும் அந்தக் கனமே அதன் நெஞ்சை அழுத்துகிறது. குளிர்ந்த கடலில் உடல் வெப்பத்தைக் காப்பதற்கென அமைந்த தடித்த கொழுப்புப் படலம், கரையில் அதனை வெதுப்பிக் கொல்கிறது. அன்று ஒதுங்கியவை குறுந்துடுப்புடைய வழிகாட்டித் திமிங்கிலங்கள் எனப்படும் இனத்தவை. அறிவியலார் அவற்றை ஓங்கில் குடும்பத்தில் சேர்ப்பர். அவை கூட்டமாக வாழ்பவை, கூட்டத்தைவிட்டுப் பிரியாதவை. ஒன்று வழி தவறினால் மற்றவை அதனைக் கைவிட்டுச் செல்லாமல் பின்தொடர்ந்து வந்து தாமும் கரையில் அகப்படுகின்றன.

நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 2016ஆம் ஆண்டு சனவரியில் அதே கரையில், அதே இனத் திமிங்கிலங்கள் மறுபடியும் ஒதுங்கின. எண்பதுக்கு மேற்பட்டவை வந்தன, நாற்பத்தைந்து மாண்டன. அப்போது நான் தலைமையாசிரியன். மேல் வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்றேன். மீனவர்கள் படகுகளைக் கொண்டு அவற்றை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவற்றுள் சில, இறந்துகொண்டிருந்த தம் சுற்றத்தை நாடி மறுபடியும் கரைக்கே திரும்பின. இழுத்துச் சென்றவர்கள் சலிக்காமல் மறுபடியும் இழுத்தார்கள். என் மாணவர்கள் குடத்தில் நீர் முகந்து அவற்றின் உடலில் ஊற்றினார்கள். அருகிலேயே வேறு சிலர் இறந்த திமிங்கிலத்தின்மீது காலை வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன், சொல் எழவில்லை. அவர்களுள் ஒருவனாக நானே அங்கு நிற்பது போல் எனக்குத் தோன்றியது.

அன்றுதான் எனக்கு ஓர் ஆவல் பிறந்தது. இறக்கும் திமிங்கிலத்தை இருமுறை கண்டேன். வாழும் திமிங்கிலத்தை அதன் வீட்டிலேயே ஒருமுறையேனும் காண வேண்டும் என்று எண்ணினேன்.

மாணவர்களே, திமிங்கிலத்தைக் காண்பதற்காகவே கடலுக்குச் செல்லும் வழக்கம் மிகப் பழமையானதன்று. நெடுங்காலமாக மனிதன் திமிங்கிலத்தைத் தேடிச் சென்றது கொல்வதற்காகவே. அதன் கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய், பெருநகரங்களின் விளக்குகளில் எரிந்தது. பின்னர் சவர்க்காரமும் செயற்கை வெண்ணெயும் செய்யப் பயன்பட்டது. பாய்மரக் கப்பலும் கை ஈட்டியும் இருந்த காலத்தில், விரைந்து நீந்தும் நீலத் திமிங்கிலம் தப்பி வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே நாட்டவரான சுவென் ஃபாயின் என்பவர் வெடிமுனை கொண்ட ஈட்டியைப் பீரங்கியால் எறியும் முறையை வகுத்தார். நீராவிக் கப்பலும் அந்தப் பீரங்கியும் கூடியபின், தப்ப வழியில்லை. 1930-31ஆம் ஆண்டின் ஒரே வேட்டைப் பருவத்தில், தென்முனைக் கடலில் மட்டும் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. ஓர் ஊரின் மக்கள்தொகை அளவினதாகிய அந்த எண்ணைச் சற்றே மனத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இந்தியப் பெருங்கடலும் தப்பவில்லை. 1960களில் சோவியத் நாட்டுக் கப்பல்கள் பன்னாட்டு விதிகளை மீறி இக்கடலின் வடபகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்று, கணக்கில் மறைத்தன. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்வுண்மை வெளிவந்தது. நீலத் திமிங்கிலத்தைக் கொல்லலாகாது என்று பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1966இல் தடை விதித்தது. 1979இல், சேசெல்சுத் தீவுகள் முன்மொழிய, இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வணிகத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதை நிறுத்திவைக்கும் முடிவு 1982இல் எடுக்கப்பட்டு, 1986 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த இருண்ட வரலாற்றின் நடுவே ஒரு சிறு விளக்கு ஏற்றப்பட்டது. 1955ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் தியேகோ நகரில் படகுக்காரர் ஒருவர், கரையை ஒட்டிச் செல்லும் சாம்பல் திமிங்கிலங்களைக் காட்டுவதற்கு மக்களைப் படகில் ஏற்றிச் சென்றார். கட்டணம் ஆளுக்கு ஒரு டாலர். திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணம் என்னும் தொழில் அங்குத் தொடங்கியது என்பர். இறந்த திமிங்கிலத்தை ஒரு முறைதான் விற்கலாம். உயிருள்ள திமிங்கிலத்தை எத்தனை முறையும் காட்டலாம் அன்றோ? அந்த எளிய உண்மை உலகெங்கும் பரவியது. 2008ஆம் ஆண்டில் 119 நாடுகளில் ஒரு கோடியே முப்பது இலட்சம் பேர் இத்தகைய பயணம் சென்றார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இனி என் பயணத்துக்கு வருகிறேன். நீலத் திமிங்கிலத்தைக் காண உலகின் சிறந்த இடங்களுள் ஒன்று நமக்கு மிக அருகிலேயே, இலங்கைக் கடலில் இருக்கிறது. தென் கரையில் மிரிசை. கிழக்குக் கரையில் திருகோணமலை. மிரிசையில் கார்த்திகை, மார்கழி முதல் பங்குனி, சித்திரை வரையில் கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தபின் அங்குக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் தீவின் மறுபக்கமாகிய திருகோணமலையில் கடல் தெளிந்திருக்கும். ஆதலின் படகுப் பயணமும் பருவத்தோடு கரை மாறுகிறது.

திருகோணமலையில் ஒரு வியப்பு உண்டு. அத்துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. மற்ற நாடுகளில் நெடுந்தொலைவு சென்றால் காணக்கூடிய ஆழ்கடல், அங்குக் கரைக்கு வந்து தலைகாட்டுகிறது. அதனால்தான், கோணேசர் கோயில் அமைந்த கோணமாமலையின் உச்சியில் நின்றுகொண்டே, திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்னும் சிறு கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் இக்கடலில் திமிங்கிலங்களை ஆய்ந்தார்கள். பின்னர் மூண்ட போர் நெடுங்காலம் அத்தகைய பயணங்களைத் தடுத்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் படகுப் பயணங்கள் பெருகின.

2024ஆம் ஆண்டு மே மாதம் நான் அங்குச் சென்றேன். அவ்வூரில் என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் படகோட்டி. வழிவழியாக மீன்பிடித்த குடும்பத்தினர். பருவகாலத்தில் பயணிகளை ஏற்றிச் செல்வார். விடியுமுன் கரைக்கு வந்துவிட்டோம். கண்ணாடியிழையால் செய்த சிறு படகு. அதில் எங்கள் இருவரோடு வேறு நால்வரும் ஏறினார்கள். உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொள்ளாதவரைத் தாம் ஏற்றுவதில்லை என்று படகோட்டி கண்டிப்பாகச் சொன்னார். தம் ஆசிரியருக்கும் அவ்விதியில் விலக்கு அளிக்கவில்லை. அதைக் கண்டு என் நண்பர் மகிழ்ந்தார்.

கோணமாமலையின் பாறைச் சுவர் எங்களுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போயிற்று. கதிரவன் எழுந்தான். முதலில் எங்களை வரவேற்றவை பறவைக்கோலா மீன்கள். படகின் முன் நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து, துடுப்புகளைச் சிறகாக விரித்து, அலைகளை உரசியவாறு மிதந்து சென்று விழுந்தன. உண்மையில் அவை பறப்பதில்லை, பாய்ந்து மிதக்கின்றன. அடிநீரில் துரத்தும் பெருமீனுக்குத் தப்புவதற்காக இயற்கை தந்த உபாயம் அது. ஓரிடத்தில் ஆலாப் பறவைகள் வட்டமிட்டு நீரில் பாய்ந்துகொண்டிருந்தன. ஆலாக்கள் கூடுமிடத்தில் சிறுமீன் கூட்டம் இருக்கும். சிறுமீனை நாடிப் பெருமீனும் ஓங்கிலும் வரும். “கடலை வாசிக்க வேண்டும் என்றால் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும், சேர்” என்று படகோட்டி தம் ஆசிரியரிடம் சொன்னார். அது எந்தப் பாடநூலிலும் நான் படியாத வாக்கியம்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. சற்று நேரத்தில் ஓங்கில் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. நூற்றுக்குக் குறையாது. இவை சுழல் ஓங்கில்கள். நீரிலிருந்து எழும்பி, பம்பரம் போல் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் விழுவதால் அப்பெயர் பெற்றன. ஏன் சுழல்கின்றன? உடலில் ஒட்டிய ஒட்டுமீனை உதறவும், நீரில் எழும் ஓசையால் கூட்டத்துக்குச் செய்தி அறிவிக்கவும் இருக்கலாம் என்பர். குட்டி ஒன்று தாயைப் பார்த்துத் தானும் சுழல முயன்று, பாதிச் சுற்றிலேயே தொப்பென்று விழுந்தது. படகில் இருந்தோர் அனைவரும் சிரித்தோம். அது 1973இல் நான் சிரித்த சிரிப்பு அன்று. அப்பால் ஒரு பங்குனி ஆமை, எங்களைப் பொருட்படுத்தாமல், வெயிலில் முதுகு காய மிதந்துகொண்டிருந்தது.

பின்னர் நெடுநேரம் எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் வெறுங்கடல். ஒருவருக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. வந்ததே வீண் என்று மற்றொருவர் முணுமுணுத்தார். அந்நேரத்தில் படகோட்டி இயந்திரத்தின் ஓசையைத் தணித்து, கிழக்கே கை நீட்டினார்.

தொடுவானத்துக்கு முன்னே, தென்னை மரத்தளவு உயரத்துக்கு ஒரு வெண்புகை எழுந்து கலைந்தது. அதுவே திமிங்கிலத்தின் மூச்சு. திமிங்கிலம் தலையால் நீரைப் பீச்சுகிறது என்று படங்களில் வரைவார்கள், அது பிழை. நுரையீரலிலிருந்து விசையோடு வெளிப்படும் வெதுவெதுப்பான காற்றும், அதோடு கலந்த நீர்த்துளிகளுமே நமக்குப் புகை போல் தோன்றுகின்றன. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஏறத்தாழ முப்பது அடி உயரம் எழும். மூச்சு எழுந்த இடத்தில் நீர் விலகியது. நீலமும் சாம்பலும் கலந்த நீண்ட முதுகு ஒன்று தோன்றியது, தோன்றிக்கொண்டே இருந்தது, முடிவின்றி நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில், அவ்வளவு பெரிய முதுகுக்குப் பொருந்தாத ஒரு சிறு துடுப்பு வந்தது.

அப்போது நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். “தம்பி, இன்னும் கிட்டப் போங்கள்” என்றேன்.

“வேண்டாம், ஐயா. நூறு மீட்டருக்குள்ளே போகக் கூடாது. போனால் அது கீழே போயிடும்” என்றார் அவர்.

“இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்திருக்கிறேன். ஒரே ஒரு முறை” என்றேன். மற்றவர்களும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். படகோட்டி தம் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். ஆசிரியரின் விருந்தினன் நான். எனக்கு மறுப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இயந்திரம் முழங்கியது. படகு நேரே அதன் முன்புறம் நோக்கி விரைந்தது. எண்பது, எழுபது, அறுபது மீட்டர். திமிங்கிலம் முதுகை வில்லாக வளைத்தது. ஒரு வீட்டின் கூரையளவு அகன்ற வால் நீரைச் சொட்டிக்கொண்டு எழுந்து, ஓசையின்றி உள்ளே இறங்கிற்று. அது இருந்த இடத்தில் எண்ணெய் பூசினாற்போல் வழுவழுப்பான ஒரு வட்டம் மட்டும் எஞ்சியது. மூழ்கும்போது வால் நீரை உந்துவதால் உண்டாகும் அவ்வட்டத்தைத் திமிங்கிலத்தின் காலடித்தடம் என்பார்கள். நாங்கள் அந்தத் தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அது திரும்பி வரவில்லை.

யாரும் பேசவில்லை. படகோட்டியே பேசினார். “அது மூச்சு எடுக்க வந்தது, ஐயா. நாலைந்து மூச்சு எடுத்தால்தான் கீழே போய்ச் சாப்பிட முடியும். இரண்டுதான் எடுத்தது. மிச்சத்தை நாங்கள் எடுத்துப்போட்டோம்.” அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, தம்மையும் சேர்த்தே சொன்னார். ஆயினும் அச்சொல் எனக்கே உரியது. அன்று கரையில் காலடியில் உணர்ந்த மூச்சு என் நினைவுக்கு வந்தது. அப்போது பன்னிரண்டு வயது என்று சமாதானம் சொல்லலாம். இப்போது என்ன சொல்வது?

மாணவர்களே, ஒரு மூச்சு அவ்வளவு பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். 2019இல் அமெரிக்க அறிவியலார் நீலத் திமிங்கிலம் ஒன்றின் உடலில் கருவியை ஒட்டவைத்து அதன் இதயத் துடிப்பை அளந்து வெளியிட்டார்கள். ஆழத்தில் இரை தேடும்போது அவ்விதயம் நிமிடத்துக்கு நான்கு முதல் எட்டு முறையே துடிக்கிறது. சில வேளை இரண்டே முறை. மேலே வந்து மூச்சு வாங்கும்போது இருபத்தைந்து முதல் முப்பத்தேழு முறை துடிக்கிறது. அதாவது, ஆழத்தில் சிக்கனமாக வாழ்ந்து, மேற்பரப்பில் இருக்கும் சில நிமிடங்களில் கடனை அடைத்துக்கொண்டு, மறுபடியும் இறங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் படகுகள் குறுக்கே பாய்ந்தால், அது அரைமூச்சோடு, அரைவயிற்றோடு வாழ வேண்டும். குட்டியோடு வரும் தாயானால் துன்பம் இருமடங்கு.

இதனாலேயே இலங்கை அரசு 2012இல் இதற்கென விதிகளை இயற்றியது. நூறு மீட்டர் தொலைவு காக்க வேண்டும். திமிங்கிலத்தின் எதிரே செல்லலாகாது, பின்னால் துரத்தலாகாது, பக்கவாட்டில், அதன் போக்குக்கு இணையாக மெல்லச் செல்ல வேண்டும். பல படகுகள் கூடிச் சூழ்ந்துகொள்ளலாகாது. விதிகள் நல்லவையே. ஆனால் நடுக்கடலில் காவலர் இல்லை. விதியைக் காப்பவர் படகோட்டி. அவரை மீறத் தூண்டுபவர் பயணி. நான் கண்கூடாகக் கற்றது இது.

அன்று நாங்கள் கரைக்குத் திரும்பியிருந்தால் என் கதை அதோடு முடிந்திருக்கும். என் நண்பர், “இயந்திரத்தை நிறுத்து; சற்று இருப்போம்” என்றார். நிறுத்தினார். கடல் படகைத் தாலாட்டியது. அரைமணி நேரம் இருந்தோம். அப்போது வேறொரு திமிங்கிலம், தெற்கே, இருநூறு மீட்டருக்கு அப்பால் எழுந்தது. இம்முறை எவரும் எழுந்து நிற்கவில்லை. அதன் மூச்சை நாங்கள் எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. காற்று எங்கள் பக்கம் வீசியதால் ஒவ்வொரு மூச்சின் ஓசையும், கண்டபின் சற்றுப் பிந்தி, உலைத்துருத்தி போல் காதில் விழுந்தது. ஐந்தாம் மூச்சுக்குப் பின் வாலை உயர்த்தி அமைதியாக இறங்கிற்று. அது எங்களைக் கண்டதா என்பதுகூடத் தெரியாது. அது எங்களுக்காக எழவில்லை. எங்களால் மூழ்கவும் இல்லை. முதலில் கண்டதைக் காட்டிலும் மூன்று மடங்கு தொலைவில் கண்டேன். ஆனால் முழுமையாகக் கண்டது இதனைத்தான்.

அது அங்கு என்ன உண்கிறது என்பதும் அறியத்தக்கது. நீலத் திமிங்கிலத்துக்குப் பல் இல்லை. மேல்தாடையில் சல்லடை போன்ற தகடுகள் உண்டு. கடல்நீரை வாய்நிறைய வாங்கி, நீரை வெளியேற்றி, உள்ளே தங்கும் கூனியிறால் போன்ற சிற்றுயிர்களை விழுங்குகிறது. மற்றக் கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகக் குளிர்கடல்களுக்கு நெடும்பயணம் செல்கின்றன. இலங்கைக் கடலில் காணப்படுபவையோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. இதனை ஆராய்ந்தவர் இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வோஸ் என்னும் பெண் அறிஞர். 2003ஆம் ஆண்டு, ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் இருந்தபோது, நீர்ப்பரப்பில் மிதந்த செந்நிறச் சாணத்தை அவர் கண்டார். சாணம் இருக்குமிடத்தில் உணவு உண்டிருக்க வேண்டும் அன்றோ? வெப்பக் கடலில் திமிங்கிலம் உண்பதில்லை என்று எழுதப்பட்டிருந்த கருத்தை ஐயுறுவதற்கு அந்த ஒரு காட்சி போதுமானதாயிற்று. துரத்திப் பிடித்து அறிந்ததன்று. தொலைவிலிருந்து கூர்ந்து பார்த்து அறிந்தது.

அச்சாணமும் வீணன்று. அதிலுள்ள இரும்புச் சத்து கடலின் மேற்பரப்பில் நுண்ணிய தாவரங்களை வளர்க்கிறது. அவற்றை உண்டு சிற்றுயிர்கள் பெருகும். சிற்றுயிரை உண்டு மீன் பெருகும். வயலுக்கு எரு இடும் உழவனைப் போல, திமிங்கிலம் கடலுக்கு எரு இடுகிறது.

அக்கடலில் எண்ணெய்த் திமிங்கிலமும் உண்டு. அன்று நாங்கள் அதனைக் காணவில்லை. அதற்குப் பல் உண்டு; ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிக் கணவாயைப் பிடித்து உண்ணும்; ஒரு மணி நேரம்கூட மூச்சடக்க வல்லது. அதன் மூச்சு நேரே எழாமல் இடப்புறமாகச் சாய்ந்து எழும். அந்த ஒரு குறிப்பினாலேயே தேர்ந்த படகோட்டி தொலைவிலிருந்து இனம் அறிந்து சொல்வார்.

திமிங்கிலத்துக்கு இன்னும் ஓர் இடர் உண்டு. இலங்கையின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனைக்கு அருகே உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. மலை போன்ற கப்பல் மோதினால் திமிங்கிலம் மாள்கிறது. மாலுமிக்கு அது தெரிவதுகூட இல்லை. கப்பல் வழியைச் சற்றுத் தெற்கே விலக்கினால் இவ்வாபத்து பெரிதும் நீங்கும் என்று அறிவியலார் பல்லாண்டுகளாக எடுத்துரைத்தார்கள். 2022ஆம் ஆண்டில் எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை, எவரும் கட்டாயப்படுத்தாமலே, சுமார் 15 கடல் மைல் தெற்கே செலுத்தத் தொடங்கியது. சிறு படகுக்கு நூறு மீட்டர். பெருங்கப்பலுக்குப் பதினைந்து மைல். அளவு வேறு, அறம் ஒன்றே.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். வகுப்பில் பேசாத குழந்தையைக் கண்டால், அருகே சென்று, குனிந்து, பேசு பேசு என்று வற்புறுத்துவேன். அது இன்னும் ஒடுங்கிப் போகும். அன்பினால்தான் செய்தேன். ஆனால் அன்பு மட்டும் போதாது. சற்று விலகி நின்று காத்திருந்தால் அக்குழந்தை தானே தலைநிமிர்ந்து பேசியிருக்கும் என்பதை அப்படகில்தான் உணர்ந்தேன். எதையும் அருகில் சென்று தொட்டால்தான் அறிந்ததாகும் என்று நாம் நினைக்கிறோம். கடல் எனக்கு வேறொன்று கற்பித்தது. அறிவதற்குப் பொறுமை வேண்டும். மதிப்பதற்குத் தொலைவு வேண்டும்.

உங்களுள் சிலர் என்றேனும் திருகோணமலைக்கோ மிரிசைக்கோ செல்வீர்கள். அப்போது விதியை அறிந்து காக்கும் படகோட்டியைத் தேடிச் செல்லுங்கள். கிட்டப் போகச் சொல்லாதீர்கள். பிறர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் துணிவு கொள்ளுங்கள். குப்பையைக் கடலில் எறியாதீர்கள். கடல் கடந்து செல்ல வாய்க்காதவர்கள் வருந்த வேண்டாம். நம் கரையில் நின்றே ஆலாவையும் ஓங்கிலையும் காணலாம். கரையில் ஒரு திமிங்கிலமோ ஆமையோ ஒதுங்கிக் கிடந்தால், கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் செய்தி சொல்லி, அவர்கள் சொல்லும் உதவியைச் செய்யுங்கள். அதன்மீது எவரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயதில் என்னைத் தடுத்து நிறுத்த அப்படி ஒரு தோழன் எனக்கு வாய்க்கவில்லை. நீங்கள் ஒருவருக்கொருவர் அத்தகைய தோழர்களாக இருப்பீர்களாக.